கட்டையனுக்கு ஒரு பொட்டு

எனக்குப் பேச்சு வராது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது, எழுத்தும் அவ்வளவுதான். இதை எழுதச் சொன்னது என் மனுசி. "வாயால சொல்லமாட்டியள். கையாலயாவது சொல்லுங்கோ" என்றாள். சரி என்றேன்.

நாங்கள் சுவிஸில், எங்கடின் பள்ளத்தாக்கில் இருக்கிறோம். சின்ன ஊர். ஒரு தேவாலயம், ஒரு கடை, ஒரு றெயில் நிலையம், மிச்சம் மலை. நான் ஹோட்டல் குசினியில் வேலை. வந்த புதிதில் கோப்பை கழுவினேன். இப்போது சூப் வைக்கிறேன், மரக்கறி வெட்டுகிறேன். கோப்பை கழுவுகிறவன் வராவிட்டால் அதையும் செய்கிறேன். மனுசி அதே ஹோட்டலில் அறைகளைத் துப்புரவாக்குகிறாள்.

கனடாவில் எனக்கு ஓர் அண்ணை இருக்கிறார். கூடப் பிறந்தவர் அவர் ஒருவர்தான். ஊரை விட்டு அவர் ஒரு பக்கம் போனார், நான் ஒரு பக்கம் வந்தேன். அதன் பிறகு நேரில் காணவில்லை. அவருக்கு இப்போது சிறுநீரகம் வேலை செய்யாது. ஒன்றுவிட்ட ஒரு நாள் ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். அவரால் பிளேன் ஏற ஏலாது. நான்தான் போகவேண்டும். என்னிடம் இருந்தது அகதிக்குக் கொடுக்கிற பயணப் புத்தகம். அதைக் கொண்டுபோய் விசா கேட்டேன். இல்லை என்றார்கள். மறுபடி கேட்டேன். மறுபடியும் இல்லை. சுவிஸ் பாஸ்போட் இருந்தால் இந்தக் கரைச்சல் இல்லை. ஆகவே நானும் மனுசியும் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம்.

ஊர் அலுவலகத்தில் மூன்று பேர் இருந்து கேள்வி கேட்டார்கள். மலைகளின் பெயர், ஆறுகளின் பெயர், பாராளுமன்றம் எல்லாம் பாடமாக்கிக்கொண்டு போயிருந்தேன். அதொன்றும் கேட்கவில்லை. நடுவில் இருந்த அம்மா கேட்டார். அவர்கள் ஜெர்மனில் சொன்னதை இனி என் தமிழில்தான் எழுதப்போகிறேன்.

"நீங்கள் எந்தச் சங்கத்தில இருக்கிறியள்?"

"ஒண்டிலயும் இல்லை."

"ஓய்வு நேரத்தில என்ன செய்வியள்?"

"படுப்பன்."

மனுசி மேசைக்குக் கீழே என் காலை மிதித்தாள். அந்த அம்மா சிரிக்கவில்லை. நல்ல மனுசிதான்.

"உங்கட சூப்பை ஊருக்குத் தெரியும்" என்றார். "உங்களைத் தெரியாது. ஊர்க்கூட்டத்தில சனம்தான் கை உயர்த்தவேணும். தெரியாத ஆளுக்குக் கை உயர்த்தாது. ஒரு சங்கத்தில சேர்ந்துபோட்டு அடுத்த வருசம் வாங்கோ."

அண்ணைக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு.

"சங்கம் இல்லையோ? இஞ்ச சங்கம் இல்லாத தமிழன் இல்லையடா. நான் நாலு சங்கத்துக்குத் தலைவர்."

பக்கத்தில் நின்ற மனுசி கேட்டாள்: "அந்த நாலிலயும் வேற ஆக்கள் இருக்கினமோ, அத்தான்?"

"இருந்தவை" என்றார் அண்ணை.

சங்கம் தேடினேன். முதலில் பாட்டுச் சங்கம். பின்வரிசையில் நிற்கவைத்தார்கள். இரண்டாம் கிழமை, கொஞ்சம் மெதுவாகப் பாடச் சொன்னார்கள். நான் அதுவரை வாயே திறக்கவில்லை. வேட்டைக்காரர் சங்கத்துக்குப் பரீட்சை எழுதவேண்டும். பனிச்சறுக்குச் சங்கத்துக்கு நல்ல முழங்கால் வேண்டும்.

ஒரு நாள் ஹோட்டலின் பின்பக்கம் உருளைக்கிழங்கு இறக்கிக்கொண்டு நின்றேன். தோளுக்கு ஒரு சாக்கு. ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார். போஸ்ட் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மலைப் பாதையில் வளைவு வந்தால் அந்த மஞ்சள் பஸ் மூன்று சுரத்தில் ஹோர்ன் அடிக்குமே, அதை இப்போதும் வாயால் அடித்துக்கொண்டுதான் தெருமுனை திரும்புவார்.

"நாரி நோ இருக்கோ?" என்று தன் இடுப்பைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்.

"இல்லை."

"எங்கட சங்கத்தில எல்லாருக்கும் நாரி நோ. வாறியோ?"

"என்ன சங்கம்?"

"பழைய ஆயுதச் சங்கம்."

மத்தியானச் சாப்பாட்டுக்கும் இராச் சாப்பாட்டுக்கும் நடுவில் குசினிக்காரருக்குச் சில மணித்தியாலம் ஓய்வு உண்டு. மற்றவர்கள் படுப்பார்கள். நான் அவருக்குப் பின்னால் போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு புல் கொட்டில். கதவைத் திறந்தார். உள்ளே அது இருந்தது.

மோட்டார். முதலாம் உலக யுத்தத்துக் கனரக மோட்டார், பதுங்குகுழிக்குள் இருந்து செல் அடிக்கிற குழாய். எங்கள் சனத்துக்கு மோட்டாரைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஆனால் எங்களுக்கு அடித்தது மெலிந்த குழாய். இரண்டு பேர் தோளில் கொண்டு ஓடுவார்கள். இது வேறு சாமான். கட்டை, தடிப்பு. குழாய்க்குள் என் தலை போகும், தொப்பியோடு. கீழே ஒரு பெரிய இரும்புத் தட்டு, இரண்டு பக்கமும் கழற்றிப் பூட்டுகிற சில்லு. குட்டையான ஒரு ஆள் சம்மணம் போட்டு இருந்து வானத்தைப் பார்த்து வாயைத் திறந்த மாதிரி. முழுக்கத் துரு. நான் மனதுக்குள் கட்டையன் என்று பெயர் வைத்தேன்.

கிழவர்தான் சங்கத்துத் தலைவர். அவர் விளக்கினார். எல்லைக்கு அந்தப் பக்கம், பனி மலையின் உச்சியில், இத்தாலிக்காரரும் ஆஸ்திரியாக்காரரும் அடிபட்டார்களாம். சுவிஸ்காரர் இந்தப் பக்கம் நின்று பார்த்தார்களாம். யுத்தம் முடிந்த பிறகு, இரும்புக்கு ஆகும் என்று யாரோ ஒரு விவசாயி மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். வெட்டி விற்க முடியவில்லை. இரும்பு அவ்வளவு தடிப்பு. புல்லுக்குக் கீழே கிடந்துவிட்டது.

"குண்டு ஒரு ஆள் பாரம்" என்றார். "தூக்கி வாய்க்குள்ள இறக்க நாலு பேர் வேணும். பிறகு எல்லாரும் தள்ளிப் போய், கயிறைப் பிடிச்சு இழுப்பினம்."

"எவ்வளவு தூரம் போகும்?"

"உந்தத் தேவாலயத்தில இருந்து றெயில் ஸ்டேசன் மட்டும் எண்டு வையன். கிட்டத்துக்குத்தான்."

"அப்ப பக்கத்து வீட்டுக்காரனுக்கு அடிக்கிறது" என்றேன்.

அவர் சிரித்துச் சிரித்து இருமினார். பிறகு சொன்னார்: "குண்டு மெதுவா வருமாம். பகல் எண்டால் வாறதைக் காணலாமாம். பார்த்து ஓடுவினமாம்."

எங்களுக்கு அது வாய்க்கவில்லை. தூரத்தில் 'தொம்' என்று ஒரு குத்துச் சத்தம் கேட்கும். அம்மா எண்ணத் தொடங்குவா. எண்ணி முடிய எங்கேயோ விழும். எங்கேயோ விழுந்தால் சோறு தொடரும். அவருக்கு இதைச் சொல்லவில்லை. கம்பித் தூரிகையைக் கேட்டு வாங்கித் துருவைத் தேய்க்கத் தொடங்கினேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மனுசி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"செல்லடிக்குப் பயந்து இவ்வளவு தூரம் ஓடி வந்தனாங்கள். இஞ்ச வந்து செல் அடிக்கிற குழாய்க்கு எண்ணெய் பூசுறியள்."

"ஓம்."

"ஓமோ?"

"அவை நாரிப் பிடிப்புக்காரர். ஆள் வேணுமாம்."

அண்ணை இதையும் நான் வைத்த பெயரையும் கேட்டு ஒரு கிழமை சிரித்தார். ஆஸ்பத்திரியில் மெசினில் கிடந்தபடி பக்கத்துக் கட்டிலுக்கெல்லாம் சொன்னாராம். அதன் பிறகு ரெலிபோனில் முதல் கேள்வி என் சுகம் இல்லை. "கட்டையன் எப்பிடி?" என்றுதான் கேட்பார்.

சங்கத்தில் ஆறேழு பேர் இருந்தார்கள். உண்மையாக வேலை செய்தது மூன்று பேர்: தலைவர், நான், பெயின்டர். பெயின்டர் மலை றெயில் வேலைத்தலத்தில் பெட்டிகளுக்குப் பெயின்ட் அடித்து ஓய்வு பெற்றவர். எங்கள் றெயில் சிவப்பு. ஆகவே வேலைக்காலம் முழுக்க அவர் அடித்தது சிவப்பு. சங்கத்தில் சேரும்போது ஒரே ஒரு நிபந்தனை போட்டாராம்: "சிவப்பு மட்டும் சொல்லாதேங்கோ."

அவரும் கதைக்கமாட்டார். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது. கொட்டிலில் சின்ன அடுப்பை மூட்டிவிட்டு, அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நான் தேய்ப்பேன். அவர் பழைய பெயின்டின் ஒரு துணுக்கைக் கண்ணாடியால் பார்த்துப் பார்த்து நிறம் கலப்பார். சாம்பலும் இல்லாத, பச்சையும் இல்லாத ஒரு நிறம். பலகையில் பூசிக் காயவைப்பார். வெளியே பனியில் வைத்துப் பார்ப்பார். தலையை ஆட்டிவிட்டு மறுபடி கலப்பார். அந்தப் பனிக்காலம் அப்படியே போனது. சுவர் முழுக்கப் பலகைகள். எனக்கு எல்லாம் ஒரே நிறம்.

மனுசி மீன் றோல்ஸ் செய்து தந்துவிடுவாள். முதல் நாள் அவர் ஒன்றை எடுத்தார். நல்லது என்றும் சொல்லவில்லை, உறைப்பு என்றும் சொல்லவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொன்றை எடுத்தார்.

கோடை முடிகிற நேரம் நிறம் சரிவந்தது. அவரே தனியாக அடித்தார். என்னைத் தூரிகை பிடிக்கவிடவில்லை. கட்டையன் புதுமாப்பிள்ளை மாதிரி இருந்தான். பளபளப்பு இல்லை, அந்தக் காலத்தில் பளபளப்பு இல்லையாம், பளபளத்தால் எதிரி காண்பானாம். மேலே வார்னிஷ் பூசவில்லை. மாவு பூசிய மாதிரி ஒரு பெயின்ட். அடுத்த மாதம் ஊருக்குத் திறந்து காட்டுவது என்று முடிவு. அதற்கு அடுத்தது ஊர்க்கூட்டம். எங்கள் விண்ணப்பமும் அதில்.

இதற்குள் ஆயுதபூசை வந்தது.

எங்கள் குசினியில் நான் வருசா வருசம் செய்வேன். கத்திகள், அரைக்கிற மெசின், கோப்பை கழுவுகிற மெசின், எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும். பெரிய சமையல்காரர் போர்த்துக்கல்காரர். முதல் வருசம் என்னவென்று கேட்டார். அடுத்த வருசம் தன் கத்தியைத் தானே நீட்டினார். ஆனால் ஹோட்டலில் கத்திக்கு லீவு கொடுக்க ஏலாது. பொட்டை வைத்துவிட்டு வேலை வாங்குவோம். அது ஒரு குறைதான்.

அன்றைக்கும் வைத்தேன். கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. ஓய்வு நேரம். கொட்டில் பூட்டுக்குத் திறப்பு என்னிடம் இருந்தது. போனேன். வருசம் முழுக்கத் தொட்டு வேலை செய்த சாமான். அதை விட்டுவிட்டுக் கோப்பை மெசினுக்கு மட்டும் வைப்பது சரியில்லை. கட்டையனின் நெற்றி என்று படுகிற இடத்தில், வாய்க்குக் கீழே, சந்தனத்தை வட்டமாக வைத்து நடுவில் குங்குமம் வைத்தேன். ஒரு செவ்வந்திப் பூவும். கும்பிட்டேன். கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த நாள் துடைக்கப் போனேன். சந்தனம் வந்தது. குங்குமம் வரவில்லை. பெயின்ட் அதைக் குடித்துவிட்டது. ஈரத்துணியால் தேய்த்தேன். பரவியது. இன்னும் தேய்த்தேன். உள்ளங்கை அளவு வந்துவிட்டது. நல்ல சிவப்பு. எங்கள் றெயில் சிவப்பு.

அந்த நேரம் பெயின்டர் வந்தார்.

நின்று பார்த்தார். என் கையையும் பார்த்தார். கையும் சிவப்பு. தன் தூரிகைகளை எடுத்துப் பழைய தகரத்தில் போட்டு, தகரத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். பலகைகளை விட்டுவிட்டுப் போனார்.

இரண்டு நாளில் ஊர் கதைத்தது. கடையில் ஒரு கதை, பால் எடுக்கிற இடத்தில் ஒரு கதை. ஹோட்டல் குசினிக்காரன் பீரங்கியைக் கும்பிடுகிறானாம். பலி கொடுத்தானாம், இரத்தம் இன்னும் இருக்கிறதாம். தலைவர் திறந்து காட்டுவதைத் தள்ளிவைத்துவிட்டுக் குசினிக் கதவுக்கு வந்தார். அன்றைக்கு வாயால் ஹோர்ன் அடிக்கவில்லை.

"பெயின்டர் வாக்குப்போடுற ஆள்" என்றார். "அவன்ர தங்கச்சி, தங்கச்சியின்ர மனுசன், மாமன் மச்சான் எல்லாரும் வாக்குப்போடுற ஆக்கள். இந்த ஊரில பாதி அவன்ர சொந்தம்."

"மற்றப் பாதி?"

"மற்றப் பாதி அவையைக் கட்டின ஆக்கள்."

அன்று வீட்டில் மனுசி கத்தவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டு சொன்னாள்: "வைக்க முதல் அந்த மனுசனிட்ட ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வசனம்."

"அவரும் ஒண்டும் கேக்கேல்லை."

"ரெண்டு ஊமையள் சேர்ந்து ஒரு குழாயைத் துடைச்சவை" என்றாள். "அத்தானுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

அதுதான் எனக்கும் குத்தியது. அண்ணையிடம் இதைச் சொல்லவில்லை. "கட்டையன் எப்பிடி?" என்றார். "இருக்கிறான்" என்றேன்.

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில். மடக்குக் கதிரைகள். முதலில் தண்ணீர்க் குழாய் மாற்றுவது பற்றி நெடுநேரம் கதைத்தார்கள். அது அவர்களுடைய றொமான்ஷ் மொழியில். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் ஜெர்மன் படித்து முடித்த பிறகுதான் இந்த ஊரில் வீட்டுக்குள் கதைப்பது வேறு மொழி என்று தெரிந்தது. பிறகு எங்கள் பெயரைச் சொன்னார்கள். கூட்டத் தலைவி, அன்றைக்கு நடுவில் இருந்து கேள்வி கேட்ட அதே அம்மா, எங்களுக்காக ஜெர்மனுக்கு மாறினார். யாருக்காவது கேள்வி உண்டா என்று கேட்டார்.

பெயின்டர் எழும்பினார். அவர் கூட்டத்தில் எழும்பி நின்றதை ஊர் முன்பு கண்டதில்லையாம். மண்டபம் அடங்கியது.

"அந்தச் சிவப்பை ஆர் வைச்சதெண்டு எனக்குத் தெரியும்" என்றார். "ஏன் எண்டு கேக்கிறன். அவ்வளவுதான்."

கதிரையில் இருந்துவிட்டார்.

கூட்டத் தலைவி என்னைப் பார்த்தார். மனுசி முழங்கையால் இடித்தாள். எழும்பினேன். ஜெர்மனில் பூசை என்பதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. தெரிந்த சொல் குசினிச் சொல்தான். இந்த நாட்டில் ஒவ்வொரு சாப்பாட்டுக்கடைக்கும் கிழமையில் ஒரு நாள் பூட்டு. கதவில் ஒரு பலகை தொங்கும்: ரூஹெடாக். ஓய்வு நாள்.

"எங்களுக்கு வருசத்தில ஒரு நாள் வரும்" என்றேன். "அண்டைக்குச் சாமான்களுக்கு ரூஹெடாக். கத்தி, மண்வெட்டி, தையல் மெசின், புத்தகம். கழுவித் துடைச்சுப் பொட்டு வைப்பம். பொட்டு வைச்சால் அண்டைக்கு அதால வேலை செய்யக்கூடாது. அது சும்மா இருக்கும். நன்றி சொல்லுவம். அவ்வளவுதான்."

பின்னாலிருந்து ஒரு விவசாயி கேட்டார்: "அப்ப உங்கட யுத்தத்தில? அந்த நாளில பீரங்கிக்கும் ரூஹெடாக் குடுத்தவையோ?"

யோசித்தேன்.

"தெரியாது" என்றேன். "நான் குழிக்குள்ள இருந்தனான்."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு பலர் சிரித்தார்கள். நான் பகிடி விடவில்லை. ஆனாலும் நிற்கட்டும் என்று விட்டேன். பெயின்டர் சிரிக்கவில்லை. இருந்தபடியே ஒன்று கேட்டார்.

"இதுக்கு நூறு வருசமா ரூஹெடாக் தானே. பிறகென்னத்துக்குப் பொட்டு?"

"ஒருத்தரும் அதுக்குச் சொல்லேல்லை" என்றேன். "அது இன்னும் வாயைத் திறந்துகொண்டு நிக்குது."

இருந்தேன். ஜெர்மனில் நான் ஒரே நாளில் கதைத்ததில் அதுதான் அதிகம்.

வாக்கெடுக்கும்போது விண்ணப்பக்காரர் வெளியே போகவேண்டும். நடைபாதையில் நின்றோம். சுவரோரம் சின்னப் பிள்ளைகளின் வீட்டுச் செருப்புகள் வரிசையாகத் தொங்கின. கம்பளியில் பின்னியவை. மனுசி ஒன்றை எடுத்துத் தையல் பார்த்தாள்.

"உங்களுக்கு உவ்வளவு கதைக்கத் தெரியுமோ?" என்றாள்.

"இல்லை."

"என்னட்டை ஒரு நாளும் உவ்வளவு கதைச்சதில்லை."

"நீ கேக்கேல்லை."

செருப்பால் என் தோளில் தட்டினாள். பிறகு அதைப் பழைய இடத்தில் ஒழுங்காகத் தொங்கவிட்டாள். கதவுக்கு உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கை உயர்த்துவதற்குச் சத்தம் ஏது. மனுசி என் சேர்ட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உள்ளேயிருந்து போஸ்ட் பஸ் ஹோர்ன் கேட்டது. மூன்று சுரம், வாயால்.

மனுசி சுவரில் சாய்ந்துவிட்டாள்.

தலைவர் பிறகு சொன்னார்: கடைசியாக உயர்ந்த கை பெயின்டருடையதாம். தங்கச்சியும் மச்சானும் அவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்களாம்.

வெளியே எல்லாருக்கும் வைன் ஊற்றினார்கள். மனுசி கொண்டுவந்த றோல்ஸ் பெட்டியைத் திறந்தாள். பெயின்டர் வந்து ஒன்றை எடுத்தார். கண் கலங்கினார். உறைப்புத்தான். "அடுத்த முறை முதலே சொல்லு" என்றார். அதற்கு மேல் கதையில்லை.

ஊர் ஓம் என்றதோடு அலுவல் முடியாது. பிறகு மாநிலம், பிறகு தலைநகரம் பேர்ண். இழுத்தது. இதற்கிடையில் பெயின்டர் அந்தச் சிவப்பைச் சுரண்டிவிட்டு, பழைய பலகையைப் பார்த்து அதே நிறத்தைக் கலந்து அடித்தார். ஆனால் வாய்க்குக் கீழே ஒரு வட்டம் மட்டும் கவராயத்தால் கீறி, அதற்குள் வார்னிஷ் பூசினார். ஒரு சதக் காசு அளவு. வார்னிஷில் குங்குமம் ஊறாது, துடைத்தால் வரும். எனக்குக் காட்டினார்.

"இதுக்குள்ள மட்டும்" என்றார். "வெளியில ஒரு சொட்டும் போகக்கூடாது."

அடுத்த ஆயுதபூசைக்குத் தலைவர் ஹோட்டலில் தூக்கிப்போட்ட ரூஹெடாக் பலகை ஒன்றைக் கொண்டுவந்து குழாயின் கழுத்தில் தொங்கவிட்டார். பார்க்க வந்த இரண்டு உல்லாசப் பயணிகளைத் திருப்பி அனுப்பினார். பெயின்டர் பக்கத்தில் நின்று என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். வட்டத்துக்குள் வைத்தேன்.

பாஸ்போட்டும் சிவப்பு. பெயின்டருக்குக் காட்டினேன். ஒரு பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை நான் அடிக்கேல்லை" என்றார்.

பிளேன் ஏறினோம். அண்ணை விமான நிலையத்துக்கு வரவில்லை. அன்றைக்கு மெசின் நாள். நேரே ஆஸ்பத்திரிக்குப் போனோம். கட்டிலில் இருந்தார். மெலிந்துவிட்டார். தலை முழுக்க வெள்ளை. கையில் இரண்டு குழாய் ஓடியது. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவருக்கே பேச்சு வரவில்லை. நாலு சங்கத்துத் தலைவர்.

கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டில்காரரிடம், "இவன்தான்" என்றார்.

"கட்டையன் எப்பிடி?" என்று என்னைக் கேட்டார்.

"லீவில நிக்கிறான்" என்றேன்.

"நீ எத்தினை நாள் லீவு?"

"ஒரு மாதம்."

"அப்ப இரு" என்றார். குழாய் இல்லாத கையால் கட்டிலின் ஓரத்தைத் தட்டினார். இருந்தேன்.